கேடயமா, பெருவாளா, இரட்டை வாளா, வேலா: லெவல் 4 ஃபைட்டருக்கு ஒரு கணக்கு

பகடை உருட்டிக் கதை ஆடும் மேசை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், ஃபைட்டர் (போர்வீரர்) போலக் கைகலப்புக்கு முன்னே போகிற ஆளுக்கு லெவல் 4 வந்ததும் ஒரு முடிவு காத்திருக்கும். ஸ்ட்ரெங்த்தை (உடல் வலு) 2 கூட்டுவதா, அதை விட்டுக்கொடுத்து ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) எடுப்பதா? அடுத்த பல மாத ஆட்டத்துக்குக் கையில் எந்த ஆயுதம் இருக்கப்போகிறது என்பதும் இதில்தான் முடிவாகும்.

நாகர்கோவிலில் தொடங்கி மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வரை எந்த டேபிளில் கேட்டாலும் முதலில் வரும் பதில்: “கிரேட்ஸ்வார்ட் எடு மக்கா, கிரேட் வெப்பன் மாஸ்டர் போடு, பத்து டேமேஜ் சும்மா வருது.” பார்பேரியன் (ஆவேசத்தோடு அடிப்பவர்) ஆடுபவருக்கு இது சரியான யோசனை. ஃபைட்டருக்குப் பெரும்பாலும் தவறு. அந்தப் பத்து சும்மா வருவதில்லை. அடி படுமா என்று உருட்டும் பகடையில் ஐந்து எண் கொடுத்து வாங்குகிறோம், அதோடு ஸ்ட்ரெங்த்தில் கிடைக்க வேண்டிய இரண்டையும் கொடுத்திருக்கிறோம்.

முதலில் 2014 விதிகளின்படி பார்ப்போம். 2024 திருத்தத்தில் சில முடிவுகள் தலைகீழாகின்றன, அது பின்னால் வரும்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட ஆள் லெவல் 5 ஃபைட்டர். தொடக்கத்தில் ஸ்ட்ரெங்த் 16. லெவல் 4-இல் 18 ஆக்கியிருப்பார், அல்லது 16-இலேயே நின்று ஃபீட் எடுத்திருப்பார். ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல்) +3. ஸ்ட்ரெங்த் கூட்டல் 18-க்கு +4, 16-க்கு +3. ஆக, 18 உள்ளவருக்கு அட்டாக் ரோலில் (அடி படுமா என்று உருட்டும் இருபது முகப் பகடை) +7, 16 உள்ளவருக்கு +6. எக்ஸ்ட்ரா அட்டாக் வந்துவிட்டதால் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. ஃபைட்டிங் ஸ்டைல் அவரவர் ஆயுதத்துக்கு ஏற்றது: ஒற்றைக் கைக்கு டூயலிங் (+2 டேமேஜ்), இரு கை ஆயுதத்துக்கு கிரேட் வெப்பன் ஃபைட்டிங் (1, 2 விழுந்தால் மறுபடி உருட்டலாம்), இரட்டை வாளுக்கு டூ வெப்பன் ஃபைட்டிங். ஏசி என்பது அடி பட உருட்டல் எட்ட வேண்டிய எண். எதிரிகள் மூன்று: ஓகர் ஏசி 11, கோப்ளின் ஏசி 15, ஹாப்கோப்ளின் ஏசி 18. கிரிட்டிக்கலில் (பகடையில் 20 விழுந்த அடி) டேமேஜ் பகடை மட்டும்தான் இரட்டிப்பாகும், ஸ்ட்ரெங்த் கூட்டல் இரட்டிப்பாகாது. அதையும் இரட்டிப்பாக்கிக் கணக்குப் போடுகிற பழக்கம் பல டேபிள்களில் இருக்கிறது, பெருவாளுக்கு இல்லாத பெருமை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு சுற்றின் சராசரி டேமேஜ், ஏசி 11 / 15 / 18 என்ற வரிசையில்:

லாங்ஸ்வார்டும் கேடயமும், ஸ்ட்ரெங்த் 18: 18.3 / 14.1 / 11.0
கிரேட்ஸ்வார்ட், ஸ்ட்ரெங்த் 18: 21.8 / 16.9 / 13.2
கிரேட்ஸ்வார்ட், கிரேட் வெப்பன் மாஸ்டர், ஸ்ட்ரெங்த் 16: 24.3 / 15.8 / 11.0
இரண்டு ஷார்ட்ஸ்வார்ட், ஸ்ட்ரெங்த் 18: 19.7 / 15.2 / 11.8
கிளேவ் (நீண்ட காம்புள்ள வெட்டாயுதம்), போல்ஆர்ம் மாஸ்டர் (மூன்றாவது அடி தரும் ஃபீட்), ஸ்ட்ரெங்த் 16: 20.5 / 15.5 / 11.9
ஈட்டியும் கேடயமும், போல்ஆர்ம் மாஸ்டர், ஸ்ட்ரெங்த் 16: 20.1 / 15.2 / 11.5

மூன்றாவது வரியில் ஏசி 11-க்கும் 15-க்கும் -5/+10 போட்ட கணக்கு, 18-க்குப் போடாத கணக்கு. 18-க்கும் பிடிவாதமாகப் போட்டால் 9.4 தான் வரும். கிரிட்டிக்கல் விழுந்தாலோ எதிரி யாராவது வீழ்ந்தாலோ வரும் உபரி அடியை இதில் சேர்க்கவில்லை, அதைத் தனியாகப் பேச வேண்டும்.

வரிகளை ஒப்பிட்டால் இரண்டு விஷயம் தெரியும். ஏசி 15-இல் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடைவெளி 2.8 தான். அடுத்தது, பெருவாளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஸ்ட்ரெங்த் 18 ஆக்கியவரும் ஃபீட் எடுத்தவரும் ஏசி 14 வாக்கில் சமமாகிறார்கள். 13-உம் அதற்குக் கீழும் ஃபீட் முந்தும், 15-உம் அதற்கு மேலும் ஸ்ட்ரெங்த் முந்தும். எனவே “எது அதிகம் அடிக்கும்” என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) எதை எதிரில் நிறுத்துகிறார் என்று பார்க்க வேண்டும். ஸாம்பி (ஏசி 8), ஓகர், ஆர்க் (13), ஹில் ஜயன்ட் (13) என்று நிறுத்துபவரிடம் ஃபீட் பலிக்கும். ஹாப்கோப்ளின் படை, நைட் (18) என்று கவசம் போட்ட மனிதர்களை நிறுத்துபவரிடம் பலிக்காது.

கேடயத்தின் விலை

அந்த 2.8-ஐ விட்டுக்கொடுத்து லாங்ஸ்வார்ட்காரர் வாங்குவது ஏசியில் 2. செயின் மெயில் போட்டவருக்கு 16 என்பது 18 ஆகும். ஓகரின் அட்டாக் +6, பட்டால் சராசரி 13. ஏசி 16 என்றால் 55 சதவீதம் படும், 18 என்றால் 45. நூற்றுக்கு ஐம்பத்தைந்து அடி வாங்கியவர் நாற்பத்தைந்து வாங்குகிறார், அதாவது சேதம் ஏறக்குறைய 18 சதவீதம் குறைகிறது. பிளேட் (1500 பொன்) கிடைத்து ஏசி 18-இலிருந்து 20-க்குப் போகும்போது 45 என்பது 35 ஆகும், குறைவது 22 சதவீதம். கவசம் ஏற ஏற ஒவ்வொரு புள்ளி ஏசிக்கும் மதிப்பு கூடிக்கொண்டே போகும். லெவல் 5-இல் கேடயம் சும்மா ஒரு பலகை மாதிரி தெரியும், பிளேட் வந்த பிறகு அதைக் கழற்ற மனம் வராது.

கோப்ளின் கூட்டத்தில் டூயலிங்குக்கு இன்னொரு லாபம் உண்டு. கோப்ளினின் சராசரி எச்பி (உயிர்ப் புள்ளி) 7. ஸ்ட்ரெங்த் 18, டூயலிங், லாங்ஸ்வார்ட் என்றால் டேமேஜ் டி8 (எட்டு முகப் பகடை) + 6. பகடையில் 1 விழுந்தாலும் 7. பட்ட ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோப்ளின் விழும். இரட்டை வாள்காரர் அடிப்பது டி6 + 4. 1 அல்லது 2 விழுந்தால் கோப்ளின் இரண்டோ ஒன்றோ எச்பியோடு நின்று, அடுத்த முறை தன் சிமிட்டரால் திருப்பி அடிக்கும். 1 எச்பியில் நிற்கிற கோப்ளினும் முழு எச்பியில் நிற்கிற கோப்ளினும் ஒரே பலத்தோடுதான் அடிக்கின்றன. சராசரிக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

இந்தச் சேர்க்கையின் குறை, கை இரண்டும் நிறைந்துவிடுவது. எதிரியைப் பிடிக்க (கிராப்பிள்) ஒரு கை காலியாக வேண்டும். கேடயத்தைக் கழற்ற ஒரு ஆக்‌ஷன், மாட்ட இன்னொரு ஆக்‌ஷன். வாளைக் கீழே போடுவதற்குச் செலவில்லை, கேடயத்தை அப்படிப் போட முடியாது. “இந்தச் சுற்றில் கேடயத்தை விட்டுவிட்டு லாங்ஸ்வார்டை இரு கையால் பிடிக்கிறேன்” என்பது பேச்சளவில்தான் நடக்கும். அப்படியே பிடித்தாலும் டி8 டி10 ஆகும், டூயலிங்கின் +2 போய்விடும். ஒன்று கிடைத்து இரண்டு போகிறது.

கிரேட் வெப்பன் மாஸ்டர் எப்போது பலிக்கும்

இந்த ஃபீட்டில் இரண்டு பாதி இருக்கிறது. எல்லோரும் பேசுவது முதல் பாதியை: உருட்டுவதற்கு முன் -5 என்று சொன்னால், பட்டால் +10. இரண்டாம் பாதி: கிரிட்டிக்கல் விழுந்தாலோ ஒரு எதிரியை 0-க்குக் கொண்டுவந்தாலோ போனஸ் ஆக்‌ஷனில் இன்னொரு அடி.

கோப்ளின், கோபோல்டு போன்ற சில்லறை எதிரிகளிடம் முதல் பாதியைத் தொடவே கூடாது. 7 எச்பி உள்ள ஒன்றை 21 டேமேஜால் கொல்வதில் 14 மண்ணில் போகிறது, அதற்காகப் படும் வாய்ப்பை 60-இலிருந்து 35 சதவீதத்துக்கு இறக்கியிருக்கிறோம். சாதாரணமாக அடித்தால் 2டி6 + 3. பட்டால் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் கோப்ளின் விழும், உடனே இரண்டாம் பாதி மூன்றாவது அடியைத் தரும்.

பெரிய உருவங்களிடம் -5 போடலாமா என்பதற்கு மனக்கணக்காகவே ஒரு வழி உண்டு. சாதாரண அட்டாக் போனஸோடு 16-ஐக் கூட்டி, சராசரி டேமேஜில் பாதியைக் கழியுங்கள். எதிரியின் ஏசி அந்த எண்ணுக்குள் இருந்தால் போடலாம். நம் ஆளுக்கு 6 + 16 - 5.7, ஏறக்குறைய 16.3. எனவே ஏசி 16 வரை போடலாம், 17-இலிருந்து வேண்டாம்.

டிஎம் ஏசியைச் சொல்லமாட்டாரே என்றால், சொல்லத் தேவையில்லை. முதல் சுற்றில் சாதாரணமாக அடித்துக்கொண்டு, எல்லோருடைய கூட்டலையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். ரோக் (மறைந்து தாக்குபவர்) 14 என்று சொல்லி “படவில்லை”, நீங்கள் 17 என்று சொல்லி “பட்டது”, கிளெரிக் (குணமாக்குபவர்) 15 என்று சொல்லி “பட்டது” என்றால் ஏசி 15. இரண்டு சுற்றில் கிட்டத்தட்ட எப்போதும் பிடிபட்டுவிடும். பகடை நின்ற பிறகு “இது -5 போட்டது” என்று சொல்வதை எந்த டிஎம்மும் ஏற்கக் கூடாது. பேட்டில் மாஸ்டர் என்ற ஃபைட்டர் உட்பிரிவின் ப்ரிசிஷன் அட்டாக் மட்டும் வேறு மாதிரி. உருட்டிய எண்ணைப் பார்த்த பிறகு, முடிவு தெரிவதற்கு முன், டி8 ஒன்றைக் கூட்டலாம். ஏசி 15 என்று தெரிந்து, -5 போட்டும் 12 வந்திருந்தால் டி8-ஐச் செலவழிப்பது நியாயம். 8 வந்திருந்தால் எட்டில் இரண்டு வாய்ப்புதான், விட்டுவிடுங்கள். ஒரு ஓய்வுக்கு நான்கு பகடைதான் இருக்கிறது.

பார்பேரியனின் கதையே வேறு. ரெக்லெஸ் அட்டாக் ஒவ்வொரு சுற்றிலும் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுப்பது) தருகிறது. ரேஜ் (ஆவேச நிலை) டேமேஜில் கூட்டும் 2-ஐயும் சேர்த்துப் பார்த்தால், லெவல் 5-இல் ஏசி 15-க்கு எதிராக ஃபீட் எடுத்தவர் 26.8, ஸ்ட்ரெங்த் 18 ஆக்கியவர் 24.2. ஓகரிடம் 36.5-க்கு 26.8, பத்துக்குப் பக்கத்தில் வித்தியாசம். ரெக்லெஸ் போட்டால் எதிரிகளுக்கும் உங்கள் மேல் அட்வான்டேஜ் வரும் என்பது உண்மைதான், ஆனால் ரேஜில் வெட்டு, குத்து, மொத்து மூன்றும் பாதிதான் வலிக்கும். ஆபத்து ரேஜ் தீர்ந்த பிறகுதான். லெவல் 5-இல் நாளுக்கு மூன்று ரேஜ். நான்காவது சண்டையில் பழக்க தோஷத்தில் ரெக்லெஸ் போடுபவர்களை கிளெரிக் ஓடிவந்து தூக்க வேண்டியிருக்கும்.

கிளெரிக் பிளெஸ் மந்திரம் போட்டாலும் -5-இன் வலி குறையும். உருட்டலில் கூடுவது டி4, சராசரி 2.5, பாதிக் கடன் அடைந்த மாதிரி.

கணவாயில் கிளேவ்

இந்தப் பக்கத்து டிஎம் சொந்தமாக மேப் வரைந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் எப்படியும் ஒரு முறை வரும். 1809-இல் கம்பெனிப் படை உடைத்துக்கொண்டு திருவிதாங்கூருக்குள் நுழைந்த கோட்டை வரிசை இருந்த இடம், யாருக்குத்தான் அங்கே நின்று மறிக்க ஆசை வராது? பத்தடி அகல வாயில், உள்ளே நீங்கள், வெளியே ஹாப்கோப்ளின்கள். கிளேவும் போல்ஆர்ம் மாஸ்டரும் இதற்கென்றே செய்தவை. பத்தடி எட்டும் ஆயுதம். அந்த எல்லைக்குள் ஒருவன் நுழைந்தாலே, உங்கள் முறை இல்லாதபோதும், ரியாக்‌ஷனில் ஒரு அடி. உங்கள் முறையில் இரண்டு அடி, கைப்பிடியின் மறுமுனையால் டி4-க்கு மூன்றாவது அடி.

ஆனால் மூன்று இடத்தில் இது காலை வாரும்.

ஒன்று, ரியாக்‌ஷன் சுற்றுக்கு ஒன்றுதான். ஆறு பேர் நுழைந்தால் முதல் ஆளுக்கு மட்டும் அடி, மீதி ஐந்து பேர் நடந்து வருவார்கள். கெட்டிக்கார டிஎம் முதலில் ஒரு கோப்ளினை அனுப்பி உங்கள் ரியாக்‌ஷனைச் செலவழிக்க வைப்பார். நுழைகிறவன் கோப்ளின் என்றால் பேசாமல் இருங்கள், பின்னால் வரும் தலைவனுக்கு வைத்திருங்கள்.

இரண்டு, பத்தடி எட்டும் என்பதாலேயே, உங்களை ஒட்டி நிற்பவன் ஐந்தடி பின்வாங்கினால் அவன் இன்னும் உங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறான். ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (எல்லையை விட்டு விலகுபவனுக்கு விழும் அடி) வராது. லாங்ஸ்வார்டோடு நின்றிருந்தால் வந்திருக்கும்.

மூன்று, கீழே விழுந்து கிடப்பவனை ஐந்தடிக்குள் நின்று அடித்தால்தான் அட்வான்டேஜ். பத்தடியிலிருந்து குத்தினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் மோசமானது). நண்பர் கஷ்டப்பட்டு எதிரியைத் தள்ளிவிட, கிளேவ்காரர் நின்ற இடத்திலிருந்தே நீட்டிக் குத்திவிட்டு ஏன் படவில்லை என்று முழிப்பது அடிக்கடி நடக்கிறது.

ஃபைட்டருக்கு லெவல் 6-இலும் ஒரு ஃபீட் வாய்ப்பு உண்டு. பார்பேரியனும் பாலடினும் லெவல் 8 வரை காத்திருக்க வேண்டும். லெவல் 6-இல் சென்டினல் என்ற ஃபீட்டைச் சேர்த்தால், எல்லைக்குள் நுழைபவன் அடி பட்டதும் பத்தடியிலேயே நின்றுவிடுவான், வேகம் 0. அவுல்பேர் போன்றவற்றுக்கு அந்த முறை முழுவதும் வீண். ஓகரிடம் ஜாவலின் இருக்கிறது, நின்ற இடத்திலிருந்தே எறியும். ஹில் ஜயன்ட்டின் கையே பத்தடி எட்டும், அதற்கு நிற்பது ஒரு தடையே இல்லை. சென்டினலுக்குப் பதில் கிரேட் வெப்பன் மாஸ்டர் சேர்த்தால் மூன்று அடிக்கும் +10 போடலாம், மறுமுனை அடிக்கும் உட்பட. டேமேஜ் ஒன்றே குறி என்பவர்களுக்கு 2014 விதிகளில் அந்த ஜோடிதான், ஆனால் அதன் பலன் லெவல் 6-க்குப் பிறகுதான் தெரியும்.

யாரும் கவனிக்காத வேல்

மேலே உள்ள வரிசையில் கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். ஈட்டியும் கேடயமும், போல்ஆர்ம் மாஸ்டர், டூயலிங். 2018 திருத்தப் பட்டியலில் ஈட்டியும் அந்த ஃபீட்டுக்குள் வந்தது. ஒற்றைக் கையில் ஈட்டி டி6 தான். ஆனால் டூயலிங்கின் +2 மறுமுனை அடிக்கும் சேரும், மூன்று அடி கிடைக்கும், கேடயம் கையிலேயே இருக்கும். ஸ்ட்ரெங்த் 16-இல் நின்றும் மூன்று ஏசிக்கும் எதிராக லாங்ஸ்வார்ட் 18-ஐ இது முந்துகிறது. ஓகரிடம் கிளேவுக்கு 0.4 தான் பின்னால். விலை ஒரு பொன். இருபதடிக்கு எறியவும் செய்யலாம்.

கிளேவின் பத்தடி இதற்கு இல்லை, எல்லைக்குள் நுழைபவனை ஐந்தடியில்தான் அடிக்கலாம். ஹெவி ஆயுதம் இல்லாததால் கிரேட் வெப்பன் மாஸ்டர் பின்னால் சேராது. ஸ்ட்ரெங்த் 16 என்பதால் அத்லெடிக்ஸில் (பிடிக்கவும் தள்ளவும் உருட்டும் திறன்) ஒன்று குறையும். தவிர, போனஸ் ஆக்‌ஷன் ஒவ்வொரு சுற்றிலும் இதற்கே போய்விடும், செகண்ட் விண்ட் (தன் எச்பியைத் தானே மீட்பது) எடுக்கிற சுற்றில் மூன்றாவது அடி கிடையாது. இவ்வளவு சொன்ன பிறகும், லெவல் 4-இல் முன்வரிசையில் தனியாக நிற்கப்போகும் ஃபைட்டருக்கு என் கை இதைத்தான் காட்டும். லெவல் 6-இல் ஸ்ட்ரெங்த்தை 18 ஆக்கிக்கொள்ளலாம். பார்க்க எளிமையாக இருப்பதால் யாரும் எடுப்பதில்லை என்பதைத் தவிர இதில் பெரிய குறை கிடையாது.

இரட்டை வாள்

அடி மேல் அடி என்பது காதுக்கு இனிமைதான். 2014-இல் அதற்கு விலை அதிகம். லெவல் 1-இல் இரண்டு அடி என்பது எல்லோரையும் முந்தும். லெவல் 5-இல் மற்றவர்களுக்கு அடி இரட்டிப்பாக, இவருக்கு மட்டும் இரண்டு மூன்றாகிறது. மூன்றாவது அடிக்குப் போனஸ் ஆக்‌ஷன் கொடுக்க வேண்டும். ரேஞ்சருக்கு ஹன்டர்ஸ் மார்க் மந்திரம் போடவும் மாற்றவும் போனஸ் ஆக்‌ஷன், பார்பேரியனுக்கு ரேஜ், ரோக்குக்கு ஓடி ஒளிய. எல்லாம் அந்த ஒரே வாசலில் வரிசையில் நிற்கும். பாலடினுக்கு டூ வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைலே பட்டியலில் இல்லை, எனவே இடது கை வாள் வெறும் டி6. சண்டை தொடங்கும்போது உறையிலிருந்து ஒரு வாளை எடுப்பதுதான் இலவசம், இரண்டாவதை எடுக்க இன்னொரு வழி தேட வேண்டும்.

ரோக்குக்கு மட்டும் இது நியாயம். ஸ்னீக் அட்டாக் என்ற உபரி டேமேஜ் முறைக்கு ஒரு தடவைதான். முதல் அடி தவறினால் இரண்டாவது அடியில் அதை மீட்கலாம். 65 சதவீத வாய்ப்பு 88 ஆகிறது. முதல் அடியே பட்டுவிட்டால் போனஸ் ஆக்‌ஷனில் விலகி ஓடலாம். முதல் அடியின் முடிவைப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தீர்மானிக்கலாம் என்பதில்தான் மொத்த லாபமும்.

தள்ளுவதும் பிடிப்பதும்

ஷவ் (எதிரியைத் தள்ளி வீழ்த்துவது) போடலாமா என்பதற்கு விடை உங்களுக்குப் பின்னால் யார் முறை என்பதில் இருக்கிறது. பெருவாள்காரர் ஏசி 15-க்கு இரண்டு அடி அடித்தால் 16.9. ஒரு அடியை விட்டுத் தள்ளி, தள்ளுவது நிச்சயம் பலித்தாலும், மீதி ஒரு அடி அட்வான்டேஜோடு 11.6 தான். ஐந்துக்கு மேல் நஷ்டம். உங்களுக்கு அடுத்து லெவல் 5 ரோக் ரேபியரோடு வந்தால் அவருக்கு ஏறக்குறைய 5 கூடும், சமம். ரோக்கும் பாலடினும் இருவரும் அடுத்தடுத்து வந்தால் லாபம். உங்களுக்கு அடுத்து எதிரியின் முறையே வந்தால், பாதி நடையைக் கொடுத்து எழுந்து நிற்பான், உங்கள் அடி போனதுதான் மிச்சம். வில்லாளியோ ஃபயர் போல்ட் போடும் விசார்டோ அடுத்து இருந்தால் அவர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அடுத்து பார்பேரியன் என்றால் தள்ளியும் பலனில்லை, அவருக்குத்தான் சொந்த அட்வான்டேஜ் இருக்கிறதே.

முதலில் பிடித்து, பிறகு தள்ளினால் விஷயம் மாறும். பிடிபட்டவனின் வேகம் 0, அதனால் எழவே முடியாது. விடுபட ஒரு ஆக்‌ஷனைச் செலவழித்து, தன் அத்லெடிக்ஸாலோ அக்ரோபேட்டிக்ஸாலோ உங்கள் அத்லெடிக்ஸை ஜெயிக்க வேண்டும். அத்லெடிக்ஸ் +7 உள்ளவர் ஓகரை (+4) ஜெயிக்கும் வாய்ப்பு 62 சதவீதம். ஒரே சுற்றில் பிடி, தள்ளு இரண்டும் பலிக்க 38. ரேஜில் இருப்பவருக்கு அத்லெடிக்ஸில் அட்வான்டேஜ் உண்டு, அவர் செய்தால் நல்லது. உங்களைவிட ஒரு அளவு பெரியது வரைதான் பிடிக்க முடியும். ஓகர், அவுல்பேர் சரி. ஹில் ஜயன்ட் மனிதர் கைக்கு அடங்காது.

எந்த வழி எடுத்தாலும் இடுப்பில் ஒரு வார்ஹாம்மரோ மேஸோ இருக்கட்டும். எலும்புக்கூட்டுக்கு மொத்து இரட்டிப்பு வலி. பிளாக் புட்டிங்கை வெட்டினால் இரண்டாகும், அடிக்கிற இரும்பும் அரிக்கும். பறக்கிறவைகளுக்கு ஐந்தாறு ஜாவலின். உறையிலிருந்து ஒன்றுதான் இலவசமாக எடுக்கலாம் என்பதால் 2014 விதியில் எக்ஸ்ட்ரா அட்டாக் இருந்தும் சுற்றுக்கு ஒன்றுதான் எறிய முடியும்.

2024 புத்தகத்தோடு ஆடினால்

ஸ்ட்ரெங்த்தா ஃபீட்டா என்ற கேள்வியே பெரிதும் தீர்ந்துபோகிறது. கிரேட் வெப்பன் மாஸ்டர், போல்ஆர்ம் மாஸ்டர் இரண்டும் ஒரு புள்ளி ஸ்ட்ரெங்த்தோடு வருகின்றன. 17-இல் தொடங்கியவர் லெவல் 4-இல் ஃபீட்டும் எடுத்து 18-உம் ஆவார். -5/+10 போய்விட்டது. அதற்குப் பதில் அட்டாக் ஆக்‌ஷனில் ஹெவி ஆயுதத்துக்கு ப்ரொஃபிஷியன்சி எண் டேமேஜில் சேரும். கிரேட்ஸ்வார்டின் மாஸ்டரி (ஆயுதத்துக்கே உரிய சிறப்பு) கிரேஸ், தவறினாலும் ஸ்ட்ரெங்த் கூட்டல் அளவு வலிக்கும். இவற்றைக் கூட்டினால் ஏசி 15-க்கு சுற்றுக்கு 23.1. இப்போது ஃபைட்டரும் “பெருவாள் எடு மக்கா” என்ற யோசனையைக் கேட்கலாம்.

இரட்டை வாளுக்கும் நல்ல காலம். சிமிட்டர், டாகர், சிக்கிள் ஆகியவற்றின் நிக் மாஸ்டரி அந்த உபரி அடியை அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே கொண்டுவருகிறது, போனஸ் ஆக்‌ஷன் காலியாகிறது. முறைக்கு ஒரு தடவைதான், மறக்க வேண்டாம். ஷவ் இப்போது எதிரெதிர் உருட்டல் இல்லை. எதிரி ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்கும் உருட்டல்) போட வேண்டும், லெவல் 5-இல் உங்கள் ஸ்ட்ரெங்த் 18 என்றால் அவன் எட்ட வேண்டிய எண் 15. அத்லெடிக்ஸில் கொட்டிய புள்ளிகள் தள்ளுவதற்கு உதவாது.

நம்மூர் ஆயுதங்களைக் கேட்பவர்களுக்கு

குமரி மாவட்டத்து ஆட்டக்காரர் அடிமுறை ஆசானின் சீடனாக ஒரு கேரக்டர் கேட்டால் மாங்க் எடுக்கச் சொல்லுங்கள். வர்ம அடிக்கு ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் அப்படியே பொருந்தும், ஆனால் அது லெவல் 5-இல்தான் வரும், அதுவரை பொறுமை வேண்டும். சிலம்பக் கம்பு குவார்ட்டர்ஸ்டாஃப். இரு கையால் பிடித்தால் டி8, போல்ஆர்ம் மாஸ்டர் பொருந்தும். களரியின் வாளும் பரிசையும் லாங்ஸ்வார்டும் கேடயமும்தான், புது விதி எதுவும் தேவையில்லை.

களரியின் வளையும் சுருள் வாளான உறுமிதான் தகராறு. டிஎம்கள் ஆசைப்பட்டு டி8, டி10 என்று போட்டுக்கொடுப்பதை நான் ஒப்பமாட்டேன். சாட்டையின் எண்களைக் கொடுத்தால் போதும்: டி4, பத்தடி எட்டும், ஃபினெஸ் (லாவகமாகக் கையாளும் வகை). ஃபைட்டர் கையில் இது பரிதாபம். ரோக் கையில் அப்படியில்லை. ஃபினெஸ் என்பதால் ஸ்னீக் அட்டாக் சேரும். பத்தடியிலிருந்து சுழற்றிவிட்டுத் திரும்பி நடந்தால், ஐந்தடி எட்டுபவன் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் எடுக்க முடியாது, போனஸ் ஆக்‌ஷனும் மிச்சம். 2014 விதியில் ரோக்குக்குச் சாட்டையில் ப்ரொஃபிஷியன்சி இல்லை, எனவே முதலில் ஃபைட்டரில் ஒரு லெவல் எடுத்துவிட்டு வர வேண்டும். 2024-இல் ஃபினெஸ் ஆயுதங்கள் எல்லாவற்றிலும் ரோக்குக்குப் ப்ரொஃபிஷியன்சி உண்டு, லெவல் 1-இலேயே உறுமியைச் சுழற்றலாம்.